ஏறியவர்கள் இருபத்தெட்டு, இறங்கியவர்கள் இருபத்தேழு

இந்த உலகத்தில் இதுவரை முளைத்த புல்லில் பாதியை வெட்டியது என் அத்தை. மீதிப் பாதி, அத்தை வருகிறாள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே குட்டையாகிவிட்டது. அத்தையின் டிராக்டர் சத்தம் கேட்டால் கோரைப்புல் வேரோடு எழுந்து பக்கத்து ஊருக்கு நடந்து போகும். ஆடுமாடுகள் எல்லாம் ஒன்றுகூடி, எங்கள் வயிற்றில் அடிக்கிறாள் என்று அத்தை மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கின்றன. ராஜாக்கள் நாட்டைப் பிடித்தார்கள். அத்தை நாட்டுக்கு முடிவெட்டினாள்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். உண்மையில் அத்தையிடம் இருப்பது ஒரு பழைய சின்ன டிராக்டர், அதன் பின்னால் மாட்டுகிற ஒரு புல்வெட்டி மோவர், ஒரு இடது முழங்கால் வலி. மூன்றில் முழங்கால் வலிதான் முதலில் வந்தது. பதினேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் கிளட்ச் மிதித்ததில் வந்தது. என் அப்பாவுக்கு அக்கா என்பதால் எனக்கு அத்தை. மற்றவர்களுக்கு ஹாரன். பஸ் ஓட்டிய காலத்தில், நேரத்துக்கு வெளியே வராத பிள்ளையின் வீட்டு வாசலில் அத்தை அடிக்கும் ஹாரனில் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, தெருவே பல் தேய்த்துவிடும் என்பார்கள். பள்ளிக்கூடம் புது பஸ் வாங்கியது, புது டிரைவரும் வைத்தது. பழைய பஸ்ஸும் அத்தையும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். பஸ்ஸை உடைத்து எடைக்குப் போட்டார்கள். அத்தையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தை நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் மாமா, "இந்தாம்மா, நீ எங்கயாவது வேலைக்குப் போ. இல்லேன்னா நான் போயிடுறேன்" என்றார். மாமா ஏற்கெனவே ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். இருந்தாலும் சொன்னார். நான்கு நாளில் அத்தை அலமாரியை மூன்று தடவை இடம் மாற்றியிருந்தாள்.

ஊரைச் சுற்றி நிலம் கிடக்கிறது. தோப்பு, தரிசு, விற்காத மனை, சாலையோரம். எல்லாவற்றிலும் இடுப்பளவு புல். அதை வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரும் புலம்புவதை அத்தை பதினேழு வருஷமாக பஸ் ஜன்னல் வழியே கேட்டிருக்கிறாள். டிராக்டர் ஓட்டத் தெரியும். அப்புறம் என்ன?

மோவர் வாங்கப் போன அன்று நானும் போனேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அன்று ஒத்துவரவில்லை.

கடைக்காரர் எங்களை நேராகச் சிவப்பாக, அகலமாக இருந்த ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "அக்கா, இது ஆறடி. ஒரே போக்குல ஆறடி அகலம் வெட்டிடும். ராஜா மாதிரி."

"ராஜா இருக்கட்டும் தம்பி. பல்லக்கு தூக்குறது யாரு?"

"புரியலக்கா."

"என் டிராக்டர் சின்னது. இதைப் பின்னால தூக்கினா முன் சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல நிக்கும். நான் ஓட்டப் போறது டிராக்டரா, குதிரையா?"

அத்தை பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். டிராக்டரின் பின் டயர் இரண்டுக்கும் வெளி அகலம் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு மோவர் மேலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். டயரை விட மோவர் குறுகலாக இருந்தால், டயர் அமுக்கிப் படுக்க வைத்த புல் வெட்டுப்படாமல் தப்பித்து, மறுநாள் எழுந்து நின்று சிரிக்கும். ரொம்ப அகலமாக இருந்தால் டிராக்டர் இழுக்காமல் இருமும். முடிச்சை ஒரு சாண் தாண்டுகிற மாதிரி ஒன்று வேண்டும். அப்படி இரண்டுதான் இருந்தன.

"ஸ்லாஷர் வாங்கிக்கங்களேன், இதுல பாதி விலை" என்றார் கடைக்காரர். ஸ்லாஷர் என்றால், தகரக் கூரைக்கு அடியில் ஃபேன் மாதிரி படுக்கையாகச் சுற்றுகிற பெரிய கத்தி.

"அது கல்லைத் தூக்கி அடுத்த தெருவுக்கு அனுப்பும். நான் புல்லு வெட்டப் போறேன், சண்டைக்குப் போகல."

அத்தை கேட்டது ஃப்ளெயில் மோவர். இரும்பு மூடிக்குள் ஒரு உருளை. உருளை முழுக்க, கையளவு இரும்புத் துண்டுகள் ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போது தூங்குகிற வௌவால் மாதிரி தலைகீழாகக் கிடக்கும். உருளை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் எல்லாம் விறைத்து நின்று புல்லை அடித்துத் தூளாக்கி அங்கேயே போர்த்திவிடும். நடுவில் கல் வந்தால், அந்தத் துண்டு மட்டும் மடங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் மாமா நடந்துகொள்கிற மாதிரி.

அதிலும் இரண்டு வகை. மெல்லிசாகக் கவட்டை மாதிரி இருப்பது புல்தரைக்கு. கட்டையாகச் சுத்தியல் மாதிரி இருப்பது புதருக்கு. கடைக்காரர் மெல்லிசானதைக் காட்டி, இது வெட்டினால் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும் என்றார். "கம்பளத்துல நடக்கிறவங்க என்னைக் கூப்பிட மாட்டாங்க தம்பி. குச்சியும் முள்ளும் இருக்கிறவங்கதான் கூப்பிடுவாங்க" என்று அத்தை சுத்தியலைத் தேர்ந்தெடுத்தாள்.

கடைசியாக, மிஞ்சிய இரண்டு மோவருக்கும் முன்னால் மண்டி போட்டு, உருளையைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு, "பேரிங்குக்கு கிரீஸ் எங்க அடிக்கணும்?" என்றாள். ஒன்றில் அதற்குப் பெல்ட் மூடியைக் கழற்ற வேண்டும், நாலு போல்ட். இன்னொன்றில் வெளியிலேயே துளை இருந்தது.

"இதுதான் வேணும்."

"அது கொஞ்சம் பழைய மாடல்க்கா. இதுதான் புதுசு."

"நாலு போல்ட்டைக் கழட்டி யாரு தினமும் கிரீஸ் அடிப்பா? நான் அடிக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

இப்படித்தான் அந்த மோவர் வீட்டுக்கு வந்தது. பச்சை நிறம். உள்ளே இருபத்தெட்டுச் சுத்தியல் பிளேடு. அன்று சாயங்காலமே அத்தை அவற்றை எண்ணினாள். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் எண்ணுகிறாள்.

ஏன் எண்ணுகிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஒருநாள், எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டதாக நினைத்து பஸ்ஸை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். பாதி டீயில் ஏதோ தோன்றித் திரும்பி ஓடிப் பார்த்தால், கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெண் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. ஆனால் அத்தை ஒரு மாதம் அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருஷமும் ஏறும்போது தலை எண்ணி, இறங்கும்போது தலை எண்ணி, கடைசி சீட்டுவரை நடந்து குனிந்து பார்த்துத்தான் பூட்டினாள். பஸ் போய்விட்டது. எண்ணுவது போகவில்லை.

வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, முடித்ததும் ஒரு தடவை. இன்ஜினை அணைப்பாள். சாவியை எடுத்துக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்வாள். சாவி கழுத்தில் இல்லாமல் அந்த மூடிக்கு அடியில் விரலைக்கூட விட மாட்டாள். மோவரைத் தூக்கி, கீழே இரண்டு மரக்கட்டை கொடுத்து, உருளையில் சுற்றிய புல்லையும் கயிற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு குச்சியால் ஒவ்வொரு பிளேடையும் தட்டுவாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நீ ஏன்டா ஒரு பக்கமா தேஞ்சிருக்கே?"

ஒன்று தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்ற மாட்டாள். உருளையில் அதற்கு நேர் எதிரே இருப்பதையும் சேர்த்துத்தான் மாற்றுவாள். ஒரு பக்கம் கனமாகிவிட்டால் உருளை குலுங்கும், குலுங்கினால் பேரிங் போகும், பேரிங் போனால் பிழைப்பு போகும். அதனால் ஜோடி ஜோடியாக எடை போட்டுத்தான் மாட்டுவாள். எடை போடுவது எதில்? மாமாவின் சமையல் தராசில்.

"மாவு அளக்கிறதும்மா அது!"

"தொடைச்சுத்தானே வைக்கிறேன்."

"நேத்து தோசையில கிரீஸ் வாசனை வந்துச்சு."

"எண்ணெய் கம்மியா ஊத்தினீங்கல்ல, சரியா போச்சு."

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் முழுக்கத் துண்டு துண்டு வேலைதான். ஒரு மனை, ஒரு வேலியோரம், ஒரு மைதானம். ஒருநாள் வேலை, மூன்று நாள் காத்திருப்பு. (அந்தக் காலத்தில் ஒருநாள் நான் டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு பழைய ஹாரனை வைத்து, உட்கார்ந்தால் அடிக்கிற மாதிரி ஒயர் கொடுத்துவிட்டேன். அத்தை அதைக் கழற்றவே இல்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பாம், பாம் என்று அடித்துக்கொண்டு ஒரு மைதானம் முழுக்க வெட்டிவிட்டு, "வேலைக்கு நடுவுல தூக்கம் வரல, நல்ல ஐடியாடா மருமகனே" என்றாள். அவ்வளவு கஷ்டப்பட்டுக் குறும்பு செய்தவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது.)

அப்போதுதான் எலுமிச்சைத் தோட்டம் வந்தது. ஊருக்கு வெளியே மேல்தோட்டம், கீழ்த்தோட்டம் என்று இரண்டு. அதன் சொந்தக்காரம்மா அதிகம் பேசாதவர். அவருடைய நாய் பேசும். அந்த நாய் ஒரு காலை நொண்டும். முன்பு வெட்ட வந்த யாரோ விட்டுப் போன இரும்புக் கம்பி குத்தியது. அதனால் தோட்டக்காரம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தோட்டத்துக்குள் போகிற இரும்பு அத்தனையும் வெளியே வர வேண்டும்.

"மேல்தோட்டத்தை வெட்டிக் காட்டுங்க. இருபத்திரண்டு வரிசை. பிடிச்சிருந்தா கீழ்த்தோட்டமும் சேர்த்து வருஷம் பூரா உங்களுக்கே" என்றார்.

வருஷம் பூரா! அத்தை வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வார்த்தையை மாமாவிடம் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள். அது கிடைத்தால் மோவர் வீட்டில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் மோவரை விற்றுவிட்டு, யாராவது பஸ் தருவீர்களா என்று கேட்டுப் போக வேண்டும். அந்த முழங்காலைப் பார்த்தால் யாரும் சைக்கிள்கூடத் தர மாட்டார்கள்.

திங்கட்கிழமை முழுக்க அத்தை வெட்டவே இல்லை. நடந்தாள். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிசையும் நடந்து, கம்பி, கயிறு, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கினாள். செவ்வாய்க்கிழமை இறங்கினாள். ஒவ்வொரு வரிசையிலும் மோவரை உயர்த்தி வைத்து முதலில் ஒரு போக்கு, பிறகு தாழ்த்தி இரண்டாம் போக்கு. ஒரே போக்கில் மொட்டையடித்தால் புல் மோவரின் தொண்டையில் சிக்குமாம், மண்ணும் காயுமாம். டிராக்டர் நத்தை மாதிரி போகும், உள்ளே உருளை மட்டும் பேய் மாதிரி சுற்றும். பின்னால் பச்சையாகத் தூள் விழுந்துகொண்டே வரும். அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவாள். பஸ்ஸில் கண்ணாடி பார்ப்பாளே, அதே மாதிரி.

காலையில் இருபத்தெட்டு. மத்தியானம், பதினோரு வரிசை முடிந்தபோது, இருபத்தெட்டு. சாயங்காலம், கடைசி வரிசையும் முடிந்தபோது, குச்சி தட்டிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

இருபத்தேழு.

மறுபடி எண்ணினாள். மறுபடி. "டேய், நீ எண்ணு" என்றாள். கணக்கில் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் அதுவே ஒரு கணக்கு. எனக்கே இருபத்தேழுதான் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் போல்ட்டும் இல்லை, பிளேடும் இல்லை. போல்ட் மாட்டுகிற வெறும் இரும்புக் காது மட்டும்.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த நட்டு" என்றாள்.

பிளேடை மாட்டுகிற நட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். முதல் தடவை முறுக்கும்போது அதுதான் கவ்விப் பிடிக்கும். ஒருமுறை கழற்றினால் அந்தப் பிடி போய்விடும், அதனால் ஒவ்வொரு தடவையும் புது நட்டு. இது அத்தைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அன்று காலை ஒரு ஜோடி மாற்றும்போது புது நட்டு ஒன்று குறைந்தது. கடைக்குப் போனால் ஒரு மணி நேரம் போகும். இன்று ஒருநாள்தானே என்று பழையதையே இறுக்கிவிட்டாள்.

"ஒரு பிளேடு போனா லேசா குலுங்கியிருக்கணும். பதினேழு வருஷம் இன்ஜின் சத்தத்துல பொழைச்சவ நான். எனக்குக் கேக்கலையேடா."

"டிராக்டரே குலுங்குது அத்தை. அதுல இது எங்க கேக்கும்?"

அத்தை அந்த வெறும் காதைக் குச்சியால் தட்டினாள். நான் சொன்னேன்: "சரி விடு. நாளைக்குப் புதுசா ஒண்ணு மாட்டிக்கலாம். அந்தம்மா என்ன, உள்ள குனிஞ்சு எண்ணியா பார்க்கப் போறாங்க?"

"நான் எண்ணிட்டேனே" என்றாள் அத்தை.

எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, நேராகத் தோட்டக்காரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் வரிசையிலிருந்து இருபத்திரண்டு வரை எங்கேயோ ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது, என் தப்புதான், பழைய நட்டைப் போட்டேன் என்று. நானாக இருந்தால் நட்டு செய்த கம்பெனியைத் திட்டியிருப்பேன்.

தோட்டக்காரம்மா நாயைப் பார்த்தார். நாய் அத்தையைப் பார்த்தது. "அடுத்து எந்த மெஷின் அது மேல போனாலும் குண்டு மாதிரி பறக்கும், இல்லையா?"

"ஆமாங்க."

"சனிக்கிழமைக்குள்ள எடுத்துக் கொடுங்க. கொடுத்தா பேசினபடி எல்லாம் உங்களுக்கு. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க ஒண்ணுமில்லைங்க" என்றாள் அத்தை.

வெட்டி விழுந்த புல் தோட்டம் முழுக்க ஒரு விரல் கனத்துக்கு மூடிக் கிடந்தது. அதற்குள் மண்ணும் புல்லும் அப்பிய உள்ளங்கையளவு இரும்புத் துண்டு ஒன்று. வைக்கோல் போரில் ஊசியாவது பளபளக்கும். அத்தை ரேடியோ ரிப்பேர் கடையில் உடைந்த ஸ்பீக்கர் காந்தம் நான்கு கேட்டு வாங்கி, ஒரு பலகையின் அடியில் வரிசையாகக் கட்டி, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள். புதன்கிழமை முழுக்க மரங்களுக்கு நடுவே மோவர் போன தடம் பதினொன்றும் நடந்தாள். கிடைத்தவை: ஆணி நாற்பதுக்கு மேல், ஒரு கதவுக் கீல், ஒரு ஸ்பூன், ஒரு குடைக்கம்பி, தோட்டக்காரம்மா தொலைத்து ஆறு வருஷமான கவாத்துக் கத்தரி. கத்தரியைப் பார்த்ததும் தோட்டக்காரம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமையைத் தள்ளிவைக்கவில்லை.

"நடுவுல இல்லேன்னா பக்கவாட்டுல தெறிச்சிருக்கு. மரத்தடியில பார்க்கணும்" என்றாள் அத்தை. மரத்தடியில் பலகை போகாது. தாழ்ந்த கிளை, முள், வேர், உதிர்ந்த இலை. குனிந்து கையால்தான் கிளற வேண்டும். வியாழக்கிழமை முழங்கால் வீங்கி, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மாமா வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு வாளியில் காலை வைக்கச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் மாமா. "நான் தொலைஞ்சு போயிருந்தா இப்படித் தேடியிருப்பியா?"

"உங்களைத் தேட காந்தம் எதுக்கு? தட்டை எடுத்து வெச்சா தானா வந்துடுவீங்க."

மாமா சிரித்தார். அத்தையும் சிரித்தாள். பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள்" என்றாள்.

இந்த அழுகைக் கதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடிந்ததும் பந்து விளையாடப் போய்விட்டேன். யாரோ பழைய நட்டைப் போட்டால் அதற்கு நானா பொறுப்பு? வெள்ளிக்கிழமையும் அத்தையால் எழுந்து நடக்க முடியவில்லை. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, தொலைந்த பிளேடின் ஜோடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, வராத ஒரு பிள்ளைக்காக மட்டும் காத்திருக்கிற பஸ் மாதிரி இருந்தது அந்த முகம். அதைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை. மாமாவின் சமையல் வேறு அன்று உப்பு அதிகம்.

எனவே, முழுக்க முழுக்க என் சாப்பாட்டை முன்னிட்டு, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கழற்றிப் போட்ட பழைய பிளேடுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். எண்ணெயை மண் போட்டுத் துடைத்தேன். வீட்டுப் பின்னால் புல்லில் நன்றாகப் புரட்டினேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் பார்த்தால், நாலு நாள் பனியில் கிடந்த மாதிரியே இருந்தது. அதன் சொந்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து ஓடிவருகிற மாதிரி ஓடிவந்தேன். அத்தை டிராக்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மோவரைச் சுற்றுகிற ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். மாமா அத்தை பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! கிடைச்சிடுச்சு!"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். "அட! எங்கடா?"

"பதினாலாவது வரிசை."

"எத்தனாவது மரம்?"

"ஆறு... ஏழு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல."

"நடுவுலயா? நடுவுலதான் நான் காந்தம் இழுத்தேனே."

"நடுவுலன்னா ஏழுக்குக் கிட்ட. வேர் இடுக்குல குத்திக்கிட்டு நின்னுது அத்தை."

"நின்னுதா?"

"சாஞ்சு நின்னுது."

மாமாவுக்கு டீ புரையேறியது. அத்தை பிளேடின் துளையில் ஒட்டியிருந்த ஒரு முள்விதையை நகத்தால் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ஒட்டுப்புல் விதை. அந்தத் தோட்டத்துல இருபத்திரண்டு வரிசையும் நான் நடந்து வெட்டினேன், ஒரு செடி கிடையாது. இது எங்க இருக்கு தெரியுமா? நம்ம குளியலறைத் தண்ணி போற இடத்துல."

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இல்லை.

அத்தை சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு பிளேடை எடுத்தாள். நட்டு இல்லாத போல்ட் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இவன் யாரு?"

காலை ஆறு மணிக்கு மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போயிருக்கிறாள். இருபதாவது வரிசை, மூன்றாவது மரத்தடி. அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. தோட்டக்காரம்மாவிடம் காட்டி, திங்கட்கிழமை கீழ்த்தோட்டம் ஆரம்பிப்பதாகப் பேசிவிட்டு வந்துவிட்டாள். நாய்கூட வாலாட்டியதாம்.

"நீ கொண்டுவந்ததை நம்பி, இவனை அங்கயே விட்டுட்டு அடுத்த மாசம் நான் அதே வரிசையில மோவரை ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"யோசிக்கல அத்தை" என்றேன். அது உண்மை. நான் சனிக்கிழமை வரைக்கும்தான் யோசித்திருந்தேன்.

"பதினொரு வரிசையும் தேட என் காலால முடியாதுன்னு நினைச்சுத்தான் போனேன்" என்று அத்தை நிதானமாக டீயை ஊதினாள். "அங்க பார்த்தா, பன்னெண்டுல இருந்து பத்தொம்பது வரைக்கும் ஒரு மரம் விடாம அடியில இலையெல்லாம் ஒதுக்கி, கிளறி, சுத்தமா இருக்கு. யாரோ ரெண்டு நாளா உக்காந்து தேடியிருக்காங்க. அதான் நேரா இருபதுல ஆரம்பிச்சேன்."

"கோழியா இருக்கும்" என்றேன்.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா மருமகனே."

காட்டினேன். முழங்கைவரை கோடு கோடாகக் கீறல். அத்தை கிரீஸ் படாத விரலாக ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு கீறலை மெதுவாகத் தொட்டாள்.

"பந்து விளையாடத்தானே போனே? பந்துல எப்போடா முள்ளு முளைச்சுது?"